தாடையில் இரண்டு ஊசி

என் வீட்டுக்காரர் தேவனுக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். முப்பத்தொன்பது வருடமாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தக் கதையைக் கேட்காமல் கை கழுவ எழுந்ததில்லை. மலாக்கா செலண்டார் ரப்பர் தோட்டத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்த கதை அது.

"ரெண்டு மாமனும் வேணாம்னாங்க. எங்கம்மா வாயே தெறக்கல. நான் ஒரே தடவதான் பாத்தேன். இந்தப் பொண்ணுதான், வேற பேச்சில்லன்னு எந்திரிச்சிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் ரசத்தில் கவனமாக இருப்பேன். பவானேஸ்வரிக்கு இந்த வயதிலும் வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். வெட்கமாவது ஒன்றாவது, எனக்கு உள்ளுக்குள் உறுத்தும்.

விஷயம் இதுதான். இவர் வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் சத்தமாகச் சிரிக்கிறது என்றார்கள் முதல் வீட்டார். இரண்டாவது வீட்டார் நிறம் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள், ஆனால் அம்மா சுட்ட உளுந்து வடையில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னோடு பால்மரம் சீவிக்கொண்டிருந்த ராஜம்மா அக்கா, "வாடி, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த மக் மீடா என்ற மலாய்க்கார அம்மாவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சூசுக் வைப்பதில் மக் மீடா பேர்போனவர். சூசுக் என்றால் மந்திரித்த தங்க ஊசி. முடி கனத்துக்குத்தான் இருக்கும். அதைத் தோலுக்கு அடியில் செருகிவிட்டால் பார்க்கிறவன் கண்ணை எடுக்க மாட்டான் என்பார்கள். ஜோடி தொலைந்து கிடந்த என் ஒற்றைத் தோட்டைக் கொடுத்தேன். அதைத் தட்டி ஊசியாக்கி வைப்பதாகச் சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். போனேன். தாடையில் இடப்பக்கம் ஒரு குத்து, வலப்பக்கம் ஒரு குத்து. கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். உள்ளே போய்விட்டது, இனிமேல் உனக்குக் கவலையில்லை என்றார். பத்தாம் நாள் தேவன் வந்தார், பார்த்தார், எழுந்துவிட்டார்.

அப்புறம் அந்தக் கதையை நான் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பது? தன் கண்ணால் கண்டுபிடித்த பெண் என்று அந்த மனுஷன் ஊரெல்லாம் மார்தட்டிக்கொள்கிறார். அவரை இழுத்தது என் ஒற்றைத் தோடு.

சூசுக் வைத்தவர்களுக்குப் பந்தாங் உண்டு. செய்யக்கூடாத காரியங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மீறினால் ஊசியின் சக்தி போய்விடும். துணி காயும் கொடிக்கு அடியில் நடக்கக்கூடாது. நல்லவேளையாக பிறகு நாங்கள் குடிபோன குருபோங் வீட்டில் இவர் கொடியைக் குறுக்கே கட்டாமல் மதிலோரமாகக் கட்டியிருந்தார். பீசாங் மாஸ் என்கிற குட்டி வாழைப்பழத்தைத் தொடக்கூடாது. நல்லவேளையாக இவருக்கு ராஸ்தாளிதான் பிடிக்கும், பூசைக்கும் அதைத்தான் தேடி வாங்கிவருவார். மூன்றாவதுதான் கொடுமை. சாத்தேயைக் குச்சியோடு வாயில் வைக்கக்கூடாது. கரியடுப்பில் சுட்ட கோழித்துண்டைக் கடலைக் குழம்பில் முக்கி, குச்சியிலிருந்து பல்லால் இழுத்துத் தின்பதுதான் சாத்தே. மலாக்காவில் பிறந்துவிட்டு நான் அதை முள்கரண்டியால் தட்டில் தள்ளி, பத்தியக்காரி மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டேன்.

இப்படியே காலம் போயிருக்கும். நெஞ்சுதான் காட்டிக்கொடுத்தது.

எங்கள் வீட்டு மாடிப்படி பதின்மூன்று. போன வருடம் எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தேன். அப்புறம் ஆறாவதில். மகள் சாந்தினி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் குருபோங்கிலேயே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வீட்டிலும் அதே வேலைதான். மறுவாரமே நான் டாக்டர் வதனாவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், நிதானமாகப் பேசுவார்.

"உங்கட இதயத்தில இடப்பக்க வால்வு ஒண்டு சரியா மூடேல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்ச ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகுது" என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?" என்று இவர் கேட்டார். லாரி ஓட்டிய ஆள், ஒழுகினால் எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"அதுதான் பிரச்சின. எக்கோவில கசிவு சுவரோட சரிஞ்சு ஓடுது. ஒரு பக்கத்தால பாத்தா பெருசாத் தெரியுது, மற்றப் பக்கத்தால பாத்தா சின்னனாத் தெரியுது. பெருசெண்டா இப்பவே ஆபரேஷன். சின்னனெண்டா காத்திருக்கலாம். இதயத்த எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாப்பம். எவ்வளவு முன்னுக்குப் போகுது, எவ்வளவு பின்னுக்கு வருது எண்டு அது மில்லிக் கணக்கில சொல்லும். ஊகிக்கத் தேவையில்ல."

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் என் கையைப் பிடித்தார். எனக்கு எம்.ஆர்.ஐ. என்றால் என்னவென்று தெரியாததால் தைரியமாகத்தான் இருந்தேன். அந்தத் தைரியம் வீட்டுக்கு வரும்வரைதான்.

அன்று சாயங்காலம் சாந்தினி போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெரிய உருளை, அதற்குள் படுக்கை. முழுக்கக் காந்தமாம். யாரோ ஓர் இரும்பு நாற்காலியைக் கொண்டுபோகிறார்கள், அது காற்றில் பறந்து உருளையில் போய் ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தாடை இரண்டும் கூசின. சாந்தினி ஆஸ்பத்திரி கொடுத்த கேள்விப் பாரத்தை எடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே நிரப்ப உட்கார்ந்தாள். இவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுல பேஸ்மேக்கர்?"

"இல்ல."

"எலும்புல ஸ்குரூ, பிளேட்?"

"இல்ல."

"சூசுக்?" சாந்தினி சிரித்துவிட்டாள். "இங்க பாருங்கப்பா, இதக்கூடக் கேக்கறாங்க."

"இல்ல" என்றேன். மற்ற எல்லா இல்லையையும்விட இது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. இவர் பேப்பரை விலக்கிப் பார்க்கவில்லை. ஆனால் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இரண்டு பயம். காந்தம் ஊசியை இழுத்துத் தாடையைக் கிழித்துவிடுமோ என்பது ஒன்று. உண்மையைச் சொன்னால் இவர் முகம் எப்படிப் போகும் என்பது இன்னொன்று. தாடை கிழிந்தால் தையல் போட்டுவிடலாம். கல்யாண வீட்டில் அந்தக் கதையைச் சொல்லாமல், தலையைக் குனிந்து சோறு தின்கிற தேவனை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் நாளன்று சாந்தினி எங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தாலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தேன். வளையல், மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு நின்றேன். ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் பெயர் ரோஸ்னா. கையில் பாரத்தை வைத்துக்கொண்டு என்னை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டு ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி மலாயில் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம்தான் இவர் உட்கார்ந்திருந்தார், இருமல் சத்தம் கேட்டது.

"சூசுக் ஏதாவது இருக்கா மக்சிக்?"

நான் திரைப் பக்கம் பார்த்தேன். அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. குரலைத் தாழ்த்தி, "சொன்னா நல்லது மக்சிக். ஊசி இருந்தா உள்ள சூடாகலாம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

இரண்டு விரலைக் காட்டி, பிறகு தாடையைத் தொட்டுக் காட்டினேன். என் மகளைவிடச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. முதலில் முகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், ஊசி இருந்தால் எங்கே, என்ன வகை என்று டாக்டர் பார்த்து முடிவு செய்வார், ஒருவேளை இன்று ஸ்கேன் நடக்காமலும் போகலாம் என்றாள். ஸ்கேன் நடக்காவிட்டால் கசிவு எவ்வளவு என்று தெரியாது. தெரியாவிட்டால் கத்தியா காத்திருப்பா என்று டாக்டர் வதனா ஊகித்துத்தான் சொல்ல வேண்டிவரும். எனக்கு வாய்த்த அழகு ஊசி இப்படி நெஞ்சுக்கே வினையாகும் என்று யார் கண்டது?

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும், வெளியே உட்காருங்கள் என்றார்கள். அந்த அங்கியோடு போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன, மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷினுக்கு ஒன்னும் இல்ல. மொதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்னாங்க. மூஞ்சிய."

"ஓ." எதிர்ச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எத்தன?"

"என்ன எத்தன?"

"ஊசிலா. எத்தன வெச்ச?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுதானா" என்றார். நான் இன்னும் கூடுதலாக வைத்திருப்பேன் என்று எதிர்பார்த்தவர் போல.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆயி மூனாவது வாரம், ஒரு ராத்திரி ஜாசின் பாசார் மாலாம் சந்தையில ஒனக்குச் சாத்தே வாங்கிக் குடுத்தேன். நீ கரண்டி கேட்ட. சாத்தேக்காரரு என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. எனக்கு வெளங்கல. அப்பறம் நம்ம லைன் வீட்டு வாசல்ல துணி காயப்போட்டிருந்தத நீ சுத்திப் போனியா, அப்ப வெளங்கிருச்சு."

"அதான் கொடிய மதிலோரமா கட்டுனீங்களா?"

"பின்ன? நீ சுத்திச் சுத்தி நடக்கறதப் பாக்க எனக்கே கால் வலிச்சது."

"ராஸ்தாளி?"

"எனக்குப் பீசாங் மாஸ்தான் ரொம்பப் பிடிக்கும் பவானி" என்றார். இதைச் சொல்லும்போது குரலில் உண்மையாகவே ஓர் ஏக்கம் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் நான் ஒருத்தியாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை, இந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். "தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்த கேக்கல? எல்லாக் கல்யாணத்துலயும் அந்தக் கதைய வேற சொல்றீங்க."

"கத பொய்யில்லையே. பாத்தேன், பிடிச்சிச்சு. ஏன் பிடிச்சிச்சுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே." காலை நீட்டிக்கொண்டார். "கேட்டா நீ போயி எடுத்துருவ. எடுத்தப்பறம் எனக்கு ஒன்னப் பிடிக்காமப் போயிருச்சின்னா என்ன செய்யறது? எனக்கு நல்லா இருந்துச்சு பவானி. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற லாரிய நிறுத்தி எதுக்கு போனெட்டத் தெறக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இவருக்குத் தெரியக்கூடாது என்று ஊசியைக் காத்திருக்கிறேன். இவரோ எனக்குத் தெரியாமல் அதே ஊசியைக் காத்திருக்கிறார். ஆனால் முள் அப்படியே இருந்தது. ஊசிதான் இழுத்தது என்று இவரும் நம்பியிருக்கிறார். அப்படியானால் என்னை, என்னை மட்டும், இவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

"ஊசியாலதான்னு நெனக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலையே" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். எனக்கு அது வலித்தது.

அப்போதுதான் ரோஸ்னா கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டாள். கணினித் திரையில் என் மண்டையோடு வெள்ளையாகத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அவள் தாடை எலும்போடு விரலை ஓட்டிக் காட்டினாள்.

"ஒன்னும் இல்ல மக்சிக். இது பல் அடைச்ச எடம். இதுவும் பல்லுதான். ஊசி எங்கயுமே இல்ல."

"நல்லாப் பாரும்மா" என்றார் இவர் மலாயில். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழன்று விழுந்த நட்டைத் தேடுகிறவர் போலத் திரையைத் தேடினார். "ரெண்டு இருக்கணும்."

"ஊசி கரையாது பக்சிக். இருந்தா பளிச்சின்னு தெரியும். வெக்கவே இல்ல போலிருக்கு."

மக் மீடா என் தோட்டை எடுத்துக்கொண்டு, எதாலோ இரண்டு குத்துக் குத்தி அனுப்பியிருக்கிறார். அவர் செத்தே இருபது வருடம் ஆயிற்று, இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நான் இவரைப் பார்த்தேன். இவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். அதற்குள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நெஞ்சில் ஒட்டிகள் ஒட்டி, மேலே கனமாக ஒன்றை வைத்துக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி என்னை உருளைக்குள் தள்ளினார்கள். ரோஸ்னாவின் குரல் காதுக்குள் வந்தது. மூச்சை இழுங்க, விடுங்க, நிறுத்துங்க. உடனே வீடு இடிக்கிற மாதிரி டமடமவென்று சத்தம். அப்புறம் மூச்சு விடச் சொல்வாள். திரும்பவும் நிறுத்தச் சொல்வாள். ஒரு மணி நேரம் இதே வேலை. என் வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று அந்தக் காந்தம் அளந்துகொண்டிருந்தது. நான் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு அந்த வீட்டில், பழைய நைலெக்ஸ் சேலையோடு, காப்பித் தட்டோடு நின்றது நான் மட்டும்தான். இரண்டு மாமன்களும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இவர் எழுந்தது எனக்காகத்தான். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க மக்சிக், படம் ஆடுது" என்றது ஹெட்போன்.

முதல் வீட்டார் சொன்னது சரிதான், எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அந்தப் படத்தை மறுபடி எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து டாக்டர் வதனா கணினியைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் என் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, என் மண்டையோட்டுக்கு எவ்வளவோ தேவலாம்.

"ஒரு துடிப்புக்குத் தொண்ணூறு மில்லி பம்ப் பண்ணுது. அதில இருபத்தேழு திரும்பி வருது. நூறுக்கு முப்பது. நான் பயந்த அளவு இல்ல. இதயம் பெருக்கவும் இல்ல, தசையில தழும்பும் இல்ல. இப்ப ஆபரேஷன் வேண்டாம். மருந்து எழுதுறன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா எக்கோ, அடுத்த வருஷம் திரும்ப ஒரு எம்.ஆர்.ஐ. கூடுதெண்டா அப்ப யோசிப்பம்."

"அறுபத்து மூனு ஒழுங்காப் போகுதில்ல டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"போகுது அங்கிள்."

"போதும்" என்றார் இவர். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

காரில் ஏறியதும் வீட்டுப் பக்கம் திருப்பாமல் கிளேபாங் பக்கம் திருப்பினார். கடற்கரை ரோட்டோரம் கடைகள் அப்போதுதான் திறந்து, கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்கள். பத்துக் குச்சி சாத்தே சொன்னார். அந்த எக்ஸ்ரேயைப் பற்றி இவர் பத்து நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தட்டு வந்ததும், பழக்கத்தில் ஒரு குச்சியை எடுத்து முள்கரண்டியால் துண்டுகளை என் பக்கம் தள்ளப் போனார். நான் அவர் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டேன்.

கடலைக் குழம்பில் முக்கி, குச்சியோடு வாயில் வைத்து, பல்லால் இழுத்தேன். நுனியில் கருகியிருந்த இடம் தனி ருசி. குழம்பு முழங்கை வரை வழிந்தது. இவர் சாப்பிடவில்லை. இன்னொரு குச்சியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, கன்னம், தாடையில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். எனக்கு உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது. அது வால்வு வேலை இல்லை.

"என்ன பாக்கறீங்க?"

"ஒன்னும் கொறையல" என்றார். "அப்படியேதான் இருக்கு."

பிறகு தன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பக்கத்துப் பழக்கடைக்குப் போய் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.